நீராவியில் ஓடும் சிறு படகு: அதன் இயந்திர அறையை நாமே வடிவமைப்போம்

மாணவர்களே, குளத்தில் ஓடும் மாதிரிப் படகு என்றால் மின்கலமும் சிறு மோட்டாரும்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், உண்மையான நெருப்பு, உண்மையான கொதிநீர், உண்மையான நீராவி ஆகியவற்றைக் கொண்டு ஓடும் மாதிரிப் படகுகளும் உண்டு. லண்டன் விக்டோரியா பூங்காவின் ஏரியில் இத்தகைய படகுகளை ஓட்டுவதற்கென்றே 1904-ஆம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பொழுதுபோக்கை விரும்புவோர் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

உள்ளங்கை அளவு இயந்திரம்தானே என்று இதை எண்ணிவிடக் கூடாது. அழுத்தம், கொதிநிலை, உள்ளுறை வெப்பம், விசை, ஆற்றல், அடர்த்தி என்று நீங்கள் இடைநிலைப்பள்ளி இயற்பியலில் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பவை யாவும் இந்தப் படகின் வயிற்றுக்குள் ஒன்றாக வேலை செய்கின்றன. இந்த வாரம் 90 செ.மீ. நீளமும் ஏறக்குறைய 4 கிலோ எடையும் உள்ள ஒரு படகுக்கு நீராவி அமைப்பைத் தாளில் வடிவமைப்போம். அதன் இயந்திரத்தைப் பள்ளிப் பட்டறையில் செய்து, காற்றால் ஓட்டிப் பார்ப்போம். கொதிகலனை மட்டும் நாம் செய்யப் போவதில்லை. ஏன் என்பதற்கான கணக்கும் இந்தப் பாடத்திலேயே வருகிறது.

நீராவி செல்லும் பாதை

படகின் பின்பகுதியில் சிறிய எரிவாயுத் தொட்டி இருக்கும். அதிலிருந்து வரும் பியூட்டேன் வாயு, எரிப்பானில் எரிந்து கொதிகலனின் அடிப்பகுதியைச் சூடாக்கும். கொதிகலனின் மேல் மூன்று கருவிகள் இருக்கும். ஒன்று அழுத்தமானி. இன்னொன்று, உள்ளே நீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய். மூன்றாவது, அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு.

கொதிகலனிலிருந்து புறப்படும் நீராவி, ஒரு திருகு வால்வைக் கடந்து, எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டு இயந்திரத்துக்குள் நுழைகிறது. அங்கே பிஸ்டனைத் தள்ளி, தண்டைச் சுழற்றி, வேலை முடிந்ததும் எண்ணெய் பிரிக்கும் கலத்தின் வழியாகப் புகைபோக்கியில் ஏறி வெளியே போகிறது. புகைபோக்கியில் நீங்கள் பார்க்கும் வெண்மை உண்மையில் நீராவி அன்று. நீராவி கண்ணுக்குத் தெரியாதது. குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய நீரே வெண்மையாகத் தெரிகிறது.

குக்கர் கற்றுத் தரும் பாடம்

வீட்டில் பருப்பு வேகவைக்கும் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. மூடிய குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் நீர் அவ்வளவு எளிதில் ஆவியாக முடியாது. அதனால் கொதிநிலை 120 பாகை அளவுக்கு உயர்கிறது. பருப்பு விரைவில் வேகிறது.

நம் கொதிகலனும் ஒரு குக்கர்தான். அழுத்தமானியில் 1 பார் காட்டும்போது உள்ளே 120 பாகை. 2 பார் காட்டும்போது ஏறக்குறைய 133 பாகை. 3 பார் காட்டும்போது ஏறக்குறைய 144 பாகை. ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல். ஒரு சதுர செ.மீ. பரப்பின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை வைத்ததற்கு அது சமம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிடக் கூடுதலாக உள்ள அழுத்தத்தை மட்டுமே. வெளிக்காற்றே 1 பார் அழுத்தம் உடையது. ஆகவே, மானி 2 என்று காட்டினால் உள்ளே உள்ள முழு அழுத்தம் 3 பார். நீராவி அட்டவணையைப் புரட்டும்போது இந்த முழு அழுத்தத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். இதை மறந்தால் அடுத்து வரும் கணக்குகள் எல்லாம் பிழையாகிவிடும்.

நம் அமைப்பு 2 பாரில் ஓடட்டும். பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறக்கட்டும்.

இயந்திரம் எவ்வளவு நீர் குடிக்கும்?

பலர் கொதிகலனிலிருந்து வடிவமைப்பைத் தொடங்குவார்கள். சரியான வழி அதற்கு நேர்மாறானது. இயந்திரத்தின் தேவையை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ற கொதிகலனைத் தேட வேண்டும்.

நம் இயந்திரத்தின் உருளை 12 மி.மீ. விட்டமும் பிஸ்டனின் வீச்சு 12 மி.மீ. நீளமும் உடையதாக இருக்கட்டும். பிஸ்டனின் முகப்பரப்பு 1.13 சதுர செ.மீ. ஒரு வீச்சில் நிரம்பும் கொள்ளளவு 1.36 கன செ.மீ. பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி மாறி மாறித் தள்ளும் வகை என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 2.7 கன செ.மீ. நிமிடத்துக்கு 1,000 சுற்றுகள் என்றால் 2,700 கன செ.மீ., அதாவது 2.7 லிட்டர் நீராவி.

2 பார் மானி அழுத்தத்தில் ஒரு கிராம் நீர் ஏறத்தாழ 606 கன செ.மீ. நீராவியாக விரிந்திருக்கும். எனவே, 2,700-ஐ 606-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 4.5 கிராம் நீர் என்று வருகிறது. இது தாளில் வரும் கணக்கு. நடைமுறையில் குளிர்ந்த உருளைச் சுவரில் படும் நீராவியில் ஒரு பகுதி உடனே நீராகிவிடும். இணைப்புகளில் சிறிது கசியும். சிறிய இயந்திரங்களில் இந்த இழப்பு மிக அதிகம். ஆகவே, இரு மடங்காக 9 கிராம் என்று எடுத்துக்கொள்வோம்.

20 நிமிடம் ஓட வேண்டுமானால் 180 கிராம் நீர் தேவை. ஆனால், கொதிகலனில் 180 கிராம் மட்டும் ஊற்றினால் போதாது. நெருப்புப் படும் தகடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். மேலே நீராவி சேர இடமும் வேண்டும். 75 மி.மீ. வெளிவிட்டமும் 130 மி.மீ. நீளமும் 1.6 மி.மீ. சுவர்த் தடிப்பும் உள்ள கிடைமட்டச் செம்புக் கொதிகலனை எடுத்துக்கொள்வோம். அதன் உட்கொள்ளளவு ஏறத்தாழ 525 கன செ.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 350 மி.லி. நிரப்புகிறோம். 180 மி.லி. ஆவியான பிறகும் 170 மி.லி. நீர் அடியில் தங்கியிருக்கும். நம் தேவைக்கு இது பொருந்துகிறது.

நெருப்பின் கணக்கு

இனி வெப்பத்துக்கு வருவோம். 30 பாகையில் உள்ள 350 கிராம் நீரை 133 பாகைக்கு உயர்த்த வேண்டும். 350 × 4.2 × 103 என்று பெருக்கினால் ஏறக்குறைய 151 கிலோஜூல். அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலான செம்பையும் சூடாக்க இன்னும் 20 கிலோஜூல். ஆக மொத்தம் 171 கிலோஜூல்.

ஓடும்போது தேவைப்படுவது உள்ளுறை வெப்பம். இந்த அழுத்தத்தில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,160 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 9 கிராம் என்றால் நொடிக்கு 0.15 கிராம். இரண்டையும் பெருக்கினால் 324 வாட். எரிப்பானின் வெப்பத்தில் பாதிதான் நீருக்குள் போகிறது, மறுபாதி புகைபோக்கியில் வீணாகிறது என்று கொண்டால் 650 வாட் எரிப்பான் தேவை.

அதே எரிப்பானால் குளிர்ந்த கொதிகலனைச் சூடேற்ற ஏறக்குறைய 9 நிமிடம் ஆகும். பிறகு 20 நிமிட ஓட்டம். மொத்தம் 29 நிமிடம். ஒரு கிராம் பியூட்டேன் எரிந்தால் ஏறத்தாழ 45.7 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 25 கிராம் வாயு போதும்.

இந்த 25 கிராம் என்ற எண்ணில்தான் ஒரு முக்கியமான விதி அடங்கியிருக்கிறது. நீர் தீர்வதற்கு முன்பே வாயு தீர்ந்துவிட வேண்டும். படகு குளத்தின் நடுவில் இருக்கும்போது கண்ணாடிக் குழாயை உங்களால் பார்க்க முடியாது. தொட்டியில் 60 கிராம் வாயு இருந்தால், நீர் வற்றிய பிறகும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். வெறும் தகடு சிவக்கச் சூடேறும். அதனால்தான் வாயுத் தொட்டியை வேண்டுமென்றே சிறியதாக வைக்கிறார்கள். அந்தத் தொட்டியின் அளவே ஒரு பாதுகாப்புக் கருவி.

650 வாட் கொடுத்து என்ன பெறுகிறோம்? 2 பார் அழுத்தத்தில் பிஸ்டனின் மேல் 22.6 நியூட்டன் விசை விழுகிறது. ஏறக்குறைய 2.3 கிலோ எடை! நிமிடத்துக்கு 1,000 சுற்றில் இது 9 வாட் திறன். உராய்வும் கசிவும் பாதியைத் தின்றுவிட்டால் 4.5 வாட் மிஞ்சும். 650-இல் 4.5 என்பது 0.7 விழுக்காடுதான். மீதி 99 விழுக்காட்டுக்கு மேல் புகைபோக்கி வழியாகவும் கழிவு நீராவியாகவும் போய்விடுகிறது. பேரா மாநிலத்தின் மஞ்சோங் அனல்மின் நிலையத்திலும் நீராவிதான் வேலை செய்கிறது. ஆனால், மிக உயர்ந்த அழுத்தமும் வெப்பமும், டர்பைனும், நீராவியைக் குளிர்வித்து மீட்கும் குளிர்விப்பானும் சேர்ந்து நவீன அனல்மின் நிலையங்களின் பயனை 40 விழுக்காடு அளவுக்குக் கொண்டுசெல்கின்றன.

கொதிகலனை ஏன் நாமே செய்யக் கூடாது?

இப்போது நான் முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம்.

கொதிகலனின் வளைந்த சுவரில் ஏற்படும் தகைவு, அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிப்பின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 3 பார் என்பது 0.3 மெகாபாஸ்கல். 0.3 × 75 ÷ 3.2 = 7 மெகாபாஸ்கல். சூடேற்றி மென்மையாக்கப்பட்ட செம்பு ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல் வரை தாங்கும். எட்டு மடங்கு பாதுகாப்பு விட்டால்கூட 25 மெகாபாஸ்கல் அனுமதிக்கலாம். சுவரைப் பொறுத்தவரை கவலையே இல்லை.

ஆனால், இரு முனைகளிலும் உள்ள தட்டையான தகடுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் ஏறக்குறைய 40 சதுர செ.மீ. 3 பார் அழுத்தத்தில் அதன் மேல் விழும் விசை 1,200 நியூட்டன். ஒரு பருமனான பெரியவர் அந்தத் தகட்டின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம். தட்டையான தகடு வெளிப்பக்கம் பிதுங்கப் பார்க்கும். அதைத் தடுக்க இரு முனைகளையும் உள்ளே தாங்குகம்பிகளால் இணைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசால் பற்றவைக்க வேண்டும். மின்சுற்றுகளுக்குப் பயன்படும் சாதாரண ஈயப்பற்று 200 பாகை அளவிலேயே உருகிவிடும். நீர் குறைந்த கொதிகலனில் அது நிற்காது. பித்தளையும் கொதிகலனுக்கு ஆகாது. சூடான நீரில் அதிலுள்ள துத்தநாகம் மெல்ல மெல்ல வெளியேறி, உலோகம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே உளுத்துப்போகும். அதனால்தான் செம்புக் கொதிகலனில் திருகுகள் பொருத்தும் இடங்களில் பித்தளைக்குப் பதிலாக வெண்கலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இணைப்பு விட்டுப்போனால் என்ன நடக்கும்? உள்ளே 133 பாகையில் 350 கிராம் நீர் இருக்கிறது. அழுத்தம் திடீரென்று மறைந்தால் அந்த நீரால் 133 பாகையில் நீராக இருக்க முடியாது. 100 பாகைக்கு இறங்கும் வரை ஒரு பகுதி கொதித்து ஆவியாகிவிடும். கணக்கிட்டால் ஏறக்குறைய 22 கிராம். வெளிக்காற்றின் அழுத்தத்தில் அந்த 22 கிராம் நீர் 36 லிட்டர் நீராவியாகும். அதுவும் கண் இமைக்கும் நேரத்தில்! கொதிகலன் வெடிப்பில் ஆபத்து நீராவியில் மட்டும் இல்லை. காத்திருக்கும் வெந்நீரில்தான் பெரும் ஆபத்து இருக்கிறது.

வரலாறு இதைக் கொடுமையாகக் கற்றுத் தந்திருக்கிறது. 1865 ஏப்ரல் 27-ஆம் நாள் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், மெம்பிஸ் நகருக்கு அருகே, 'சுல்தானா' என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தன. போர் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வீரர்கள் உட்பட 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1905 மார்ச் 20-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் ஒரு கொதிகலன் வெடித்து 58 பேர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே கொதிகலனை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற கண்டிப்பான விதிகள் எழுதப்பட்டன. இன்று மலேசியாவில் தொழிற்சாலைக் கொதிகலன்களை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையும், சிங்கப்பூரில் மனிதவள அமைச்சும் கண்காணிக்கின்றன.

ஆகவே, மாணவர்களே, கொதிகலனைச் சோதனைச் சான்றிதழுடன் விற்பனையாகும் தயாரிப்பாக மட்டுமே வாங்க வேண்டும். மில்லோ டின்னிலோ தெளிப்பான் கலனிலோ நீரை அடைத்துச் சூடாக்கும் விளையாட்டை ஒருபோதும் செய்யாதீர்கள். பாதுகாப்பு வால்வு இல்லாத எந்த மூடிய பாத்திரமும் நெருப்பின் மேல் வெடிகுண்டுதான்.

நீரால் சோதிப்பது ஏன்?

புதிய கொதிகலனை முதலில் குளிர்ந்த நீரால் சோதிப்பார்கள். காற்றுக் குமிழி எதுவும் இல்லாமல் நீரை முழுவதுமாக நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கு, நம் கொதிகலனுக்கு 6 பாருக்கு, ஏற்றிக் காத்திருப்பார்கள். காற்றால் ஏன் சோதிப்பதில்லை?

காற்றை அமுக்கலாம். அமுக்கிய காற்று, அமுக்கிய சுருள்வில்லைப் போன்றது. நம் கொதிகலனில் 6 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால், விரியும்போது ஏறக்குறைய 400 ஜூல் ஆற்றலை அது வெளியேற்றும். நீரையோ அமுக்குவது மிகக் கடினம். அதே கலனில் அதே அழுத்தத்தில் உள்ள குளிர்ந்த நீரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 0.04 ஜூல் மட்டுமே. பத்தாயிரத்தில் ஒரு பங்கு! இணைப்பு விட்டுப்போனால் ஒரு துளி நீர் கசியும். மானியின் முள் சுழியத்துக்கு இறங்கும். அவ்வளவுதான். யாருக்கும் காயம் இல்லை.

செய்து பாருங்கள்: ஊசலாடும் உருளை இயந்திரம்

இனி உங்கள் கைவேலை. நீராவி இயந்திரங்களில் மிக எளிமையானது, உருளையே ஊசலாடும் வகை. இதில் தனியாக வால்வு எதுவும் இல்லை. எளிமையானது என்பதற்காக இதை விளையாட்டுப் பொருள் என்று எண்ண வேண்டாம். 1858-இல் நீரில் இறக்கப்பட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் மாபெரும் கப்பலின் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றியவையும் ஊசலாடும் உருளைகளே. ஒவ்வோர் உருளையின் விட்டமும் 1.88 மீட்டர். நம்முடையது 12 மி.மீ.

படகுக்கு இரு பக்கமும் தள்ளும் வகை நல்லது. பயிற்சிக்கு ஒரு பக்கம் மட்டும் தள்ளும் வகையைச் செய்வோம். பட்டறை ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே துளையிடுங்கள். கண்ணாடிக் கவசம் அணியுங்கள்.

தேவையானவை: 12 மி.மீ. உள்விட்டமும் 28 மி.மீ. உள்நீளமும் உள்ள பித்தளைக் குழாய், அதன் ஒரு முனையை மூட ஒரு வில்லை, 12 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் உள்ள பிஸ்டன், 3 மி.மீ. கம்பி, 5 மி.மீ. தடிப்புள்ள பித்தளைத் துண்டு, 3 மி.மீ. தடிப்புள்ள தாங்குதகடு, 4 மி.மீ. தண்டு, ஃபிளைவீல் எனப்படும் கனமான சக்கரம், 3 மி.மீ. திருகு, சிறு சுருள்வில், நட்டு.

1. தாங்குதகட்டில் ஒரு நேர்க்கோடு வரையுங்கள். அதன் கீழ்ப்பகுதியில் தண்டுக்கான துளை. அங்கிருந்து சரியாக 36 மி.மீ. மேலே, உருளை ஊசலாடும் அச்சுக்கான துளை.

2. தண்டின் முனையில் 20 மி.மீ. விட்டமுள்ள கிராங்க் தட்டைப் பொருத்துங்கள். மையத்திலிருந்து 6 மி.மீ. தொலைவில் ஒரு முளை அடியுங்கள். வீச்சு 12 மி.மீ. ஆவது இந்த 6 மி.மீ.-இன் இரு மடங்கால்தான்.

3. உருளையின் பக்கவாட்டில் 5 மி.மீ. பித்தளைத் துண்டைப் பற்றவையுங்கள். இதன் தட்டையான முகமே தாங்குதகட்டின் மேல் சறுக்கும். உருளையின் மூடிய முனை மேலே இருக்கட்டும். உள்மூடியிலிருந்து 17 மி.மீ. கீழே, துண்டின் முகத்தில் ஊசலாடும் திருகைப் பொருத்துங்கள். திருகு உருளைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

4. திருகிலிருந்து 15 மி.மீ. மேலே, துண்டின் வழியாக உருளைக்குள் 2 மி.மீ. துளை இடுங்கள்.

5. பிஸ்டனின் மேல்முகத்திலிருந்து முளைத்துளையின் மையம் வரை 43 மி.மீ. இருக்குமாறு கம்பியைப் பொருத்துங்கள்.

6. இப்போது தாங்குதகட்டில் இரு துளைகள். எங்கே இடுவது? கிராங்க் சுழலும்போது உருளை இரு பக்கமும் சாய்கிறது. மிக அதிகமாகச் சாயும்போது சாய்கோணத்தின் சைன் மதிப்பு 6 ÷ 36, அதாவது ஆறில் ஒரு பங்கு. ஊசல் அச்சிலிருந்து 15 மி.மீ. தொலைவில் உள்ள துளை, 15-இல் ஆறில் ஒரு பங்கான 2.5 மி.மீ. பக்கவாட்டில் நகரும். ஆகவே, அச்சை மையமாகக் கொண்டு 15 மி.மீ. ஆரத்தில் ஒரு வில் வரைந்து, நடுக்கோட்டின் இரு பக்கமும் 2.5 மி.மீ. தள்ளி, 2 மி.மீ. துளைகள் இடுங்கள்.

7. கண்ணாடித் தகட்டின் மேல் நுண்மையான ஈர உப்புத்தாளை விரித்து, இரு சறுக்கு முகங்களையும் தேய்த்துச் சமமாக்குங்கள். எண்ணெய் தடவி, திருகின் மறுபக்கம் சுருள்வில்லையும் நட்டையும் பூட்டுங்கள்.

இந்த 2.5 மி.மீ.-இல்தான் இயந்திரத்தின் உயிர் இருக்கிறது. பிஸ்டன் மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ இருக்கும்போது உருளை நேராக நிற்கும். அதன் துளை தகட்டின் இரு துளைகளுக்கும் நடுவில் வந்து அடைபட்டுவிடும். ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. இடைவெளி இருப்பதால் எதனுடனும் இணையாது. உருளை ஒரு பக்கம் சாய்ந்தால் உள்ளே வரும் வழி திறக்கிறது. மறுபக்கம் சாய்ந்தால் வெளியேறும் வழி திறக்கிறது. ஊசலாட்டமே வால்வாக வேலை செய்கிறது. அடைபட்ட நிலையைக் கடத்திவிடுவது சக்கரத்தின் நிலைமம்.

மிதிவண்டிப் பம்பை ஒரு துளையுடன் குழாயால் இணைத்து, மெல்லக் காற்றடித்து, சக்கரத்தை விரலால் சுண்டிவிடுங்கள். 1 பார் போதும். இயந்திரம் படபடவென்று ஓடத் தொடங்கும். பிறகு குழாயை மற்றத் துளைக்கு மாற்றுங்கள். அது எதிர்த்திசையில் சுழலும்! படகைப் பின்னோக்கிச் செலுத்தும் வழியும் இதுதான். சக்கரத்தில் வெள்ளைப் பொட்டு வைத்து, கைத்தொலைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றும் எண்ணிவிடலாம்.

ஓடவில்லையென்றால்? முதலில் சுருள்வில்லைப் பாருங்கள். இறுக்கம் அதிகமானால் உராய்வு நிறுத்திவிடும். தளர்வாக இருந்தால் முகங்கள் விலகிக் காற்று வெளியேறும். அடுத்து, இரு துளைகளும் நடுக்கோட்டிலிருந்து சம தொலைவில் இருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.

எண்ணெயும் குளத்து மீன்களும்

சூடான நீராவி எண்ணெயைக் கழுவிவிடும். ஓடும்போதே எண்ணெய் ஊட்ட ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு உண்டு. நீராவிக் குழாயின் கீழ் எண்ணெய் நிரம்பிய மூடிய கிண்ணம் ஒன்றை வைத்து, நுண்துளையால் குழாயுடன் இணைப்பார்கள். சிறிது நீராவி கிண்ணத்துக்குள் புகுந்து குளிர்ந்து நீராகும். நீர் எண்ணெயைவிட அடர்த்தியானது. அடியில் போய்த் தங்கும். இடம் இழந்த எண்ணெய் மேலே தள்ளப்பட்டு, துளி துளியாக நீராவியுடன் கலக்கும். பம்பும் இல்லை, திரியும் இல்லை. அடர்த்தி வேறுபாடு மட்டுமே.

இந்த எண்ணெய் கடைசியில் கழிவு நீராவியுடன் வெளியே வரும். அப்படியே விட்டால் குளத்தின் மேல் எண்ணெய்ப் படலம் படியும். அதனால் கழிவு நீராவியை ஒரு சிறு கலத்தின் பக்கவாட்டில் செலுத்துவார்கள். அங்கே வேகம் குறைந்து, எண்ணெயும் நீரும் அடியில் சேரும். ஓட்டம் முடிந்ததும் அதைப் புட்டியில் ஊற்றி எடுத்துச் செல்வது நல்ல படகோட்டியின் பண்பு.

படகுக்குள் பொருத்தும்போது

கொதிகலனே மிகக் கனமான பாகம். அதை இயன்றவரை தாழ்வாகவும் நடுவிலும் வையுங்கள். ஓடும்போது 180 கிராம் நீர் குறையும் என்பதால் கொதிகலன் முன்பக்கமோ பின்பக்கமோ இருந்தால் படகின் சாய்வு மாறிவிடும். நீராவி இயந்திரம் மின்மோட்டாரைவிட மெதுவாகச் சுழல்வது. நொடிக்கு 17 சுற்றில் படகு 1 மீட்டர் நகர வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு 6 செ.மீ. முன்னேற வேண்டும். நீரில் சறுக்கல் உண்டு என்பதால் அதற்கும் கூடுதலான சாய்வுள்ள இறக்கைகளைக் கொண்ட சுழலி வேண்டும். 90 செ.மீ. படகுக்கு நொடிக்கு 1 மீட்டர், அதாவது நாம் நடக்கும் வேகம், மிகப் பொருத்தமானது.

இன்னொரு மறைமுக ஆபத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பியூட்டேன் காற்றைப் போல் இரு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது. படகின் அடியில் குளம்போல் தேங்கும். ஒரு பொறி பட்டால் போதும். ஆகவே, தொட்டியைப் படகுக்கு வெளியே எடுத்து, திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் நிரப்ப வேண்டும். பற்றவைப்பதற்கு முன் படகின் உட்பகுதியை விசிறிக் காற்றோட்டம் செய்ய வேண்டும்.

ஓட்டும் நாளின் வரிசை

பெரியவர் ஒருவர் உடன் இருக்க, இந்த வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும். காய்ச்சி வடித்த நீரை அளந்து ஊற்றுதல். எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்புதல். கடைசியாக வாயு. பற்றவைத்த பின் மானியைக் கவனித்து, பாதுகாப்பு வால்வைக் கருவியால் சற்றுத் தூக்கி அது ஒட்டிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்தல். பிறகு நீராவி வால்வை மெல்லத் திறந்து, சக்கரத்தைக் கையால் இருபுறமும் அசைத்தல். குளிர்ந்த உருளையில் சேரும் நீரை வெளியேற்றவே இது. நீரை அமுக்க முடியாது என்று பார்த்தோம் அல்லவா? உருளைக்குள் நீர் இருக்கும்போது இயந்திரத்தை வேகமாக ஓட்டினால் கம்பி வளைந்துவிடும். உருளை சூடேறியதும் இயந்திரம் சீராக ஓடத் தொடங்கும். அப்போது படகைக் குளத்தில் விடலாம்.

சிந்தியுங்கள்

அ. மானி 1.5 பார் காட்டுகிறது. முழு அழுத்தம் எவ்வளவு?

ஆ. தண்டுக்கும் ஊசல் அச்சுக்கும் இடையே 36-க்குப் பதில் 30 மி.மீ. வைத்தால், தகட்டின் துளைகளை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இட வேண்டும்?

இ. அதே 2 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓட்ட விரும்புகிறோம். 650 வாட் எரிப்பான் போதுமா?

ஈ. அழுத்தம் போதவில்லை என்று நண்பர் ஒருவர் பாதுகாப்பு வால்வின் வில்லை இறுக்கப் பார்க்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

விடைகள்: அ. 2.5 பார். ஆ. சைன் மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு, 3 மி.மீ. இ. போதாது. நிமிடத்துக்கு 13.5 கிராம் நீர் ஆவியாக வேண்டும். அதற்கு நீருக்குள் 486 வாட் போக வேண்டும். நமக்குக் கிடைப்பது 324 வாட் மட்டுமே. அழுத்தம் இறங்கி, இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஈ. அழுத்தம் குறைவதற்குக் காரணம் எரிப்பானிலோ கசிவிலோதான் இருக்கும். வில்லை இறுக்கினால் நீராவி கூடாது. ஆபத்து மட்டுமே கூடும்.

சொல் அறிவோம்

கொதிகலன் – பாய்லர், மலாயில் டண்டாங். அழுத்தம் – பிரஷர், மலாயில் தெக்கானான். வால்வு – மலாயில் இஞ்சாப். பிஸ்டன் – மலாயில் ஓம்போ. உருளை – சிலிண்டர். பற்றாசு – உலோகங்களை ஒட்ட உருக்கி வார்க்கும் கலப்புலோகம். உள்ளுறை வெப்பம் – வெப்பநிலை மாறாமல் நிலை மாற்றத்துக்குச் செலவாகும் வெப்பம்.

இயந்திரத்தைச் செய்து முடித்த மாணவர்கள், துளைகளின் இடைவெளியை அரை மி.மீ. மாற்றி இன்னொரு தாங்குதகடு செய்து பாருங்கள். சுற்று வேகம் எப்படி மாறுகிறது என்று அட்டவணை போட்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அது ஒரு நல்ல அறிவியல் விழாப் படைப்பாகும்.